சோபாப் பணத்தில் வந்த கம்ப்யூட்டர்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே சௌக்கியம். நீயும் உன் வீட்டாரும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். யாருக்காவது தலைவலி, ஜலதோஷம் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, குணமான பிறகு உட்கார்ந்து படி. விஷயம் நீளம். அதோடு ஒவ்வொரு எழுத்தையும் நான் கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்து ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஒரு வரியைக்கூடத் தாண்டிக் குதிக்காமல் படிப்பது உன் கடமை.

"அத்தான், அக்காவுக்கு ஒரு லேப்டாப் அனுப்பவா?" என்று நீ கேட்டதற்கு நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். போனில் அதற்கு மேல் அடிக்க என் விரல் வணங்காது. அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய் என்றும், அதனால்தான் பிறகு போனே செய்யவில்லை என்றும் உன் அக்கா சொல்கிறாள். "அவன் சின்ன வயசுலேருந்தே முகத்தைத் தூக்கி வச்சுக்கறவன். நீங்களாச்சும் விவரமா ஒரு கடிதம் எழுதுங்க" என்று இரண்டு நாளாக என்னைப் படுத்தி எடுக்கிறாள். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

முதலில் அவள் கண். உனக்குப் போனில் சொன்னதெல்லாம் பாதிதான். "வயசாச்சு, கொஞ்சம் மங்கல்" என்று அவளே உன்னிடம் சொல்லி முடித்துவிட்டாள் அல்லவா, என்னிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். நானும் நம்பினேன். காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள், பக்கம் புரட்டுவாள், நான் ஏதாவது செய்தி சொன்னால் "ம்ம், பார்த்தேன்" என்பாள். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்? ஒரு நாள் பேப்பருக்கு நடுவிலிருந்து ஒரு விளம்பரத் தாள் விழுந்தது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர்களாம். கொட்டை எழுத்தில் 'குலிர்சாதனம்' என்று போட்டிருந்தார்கள். எனக்கே பார்த்தவுடன் பல் கூசியது. சரி, இன்றைக்கு இவளுக்கு நல்ல வேட்டை என்று அந்தத் தாளை அவள் எதிரில் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையை எடுத்தவுடன் மாப்பிள்ளை பெயரைப் பார்க்காமல் பிழையைப் பார்க்கிறவள், மருந்துச் சீட்டைத் திருத்திக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவள், அந்தத் தாளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதன் மேல் டம்ளரை வைத்தாள்.

மைத்துனா, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. "இதுல ஒண்ணும் தப்பு இல்லையா?" என்று கேட்டேன். "என்ன தப்பு?" என்றாள். அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர், விளக்கமாகப் பேசினார். "கண்ணாடியை மாத்திப் பிரயோஜனம் இல்ல சார். அவங்களுக்கு ஓரத்துப் பார்வை நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருக்கற பார்வைதான் குறைஞ்சு போச்சு. எதை நேரா பார்க்கறாங்களோ அது மட்டும் தெரியாது. மருந்து போட்டு இதுக்கு மேல குறையாம பார்த்துக்கலாம். எழுத்தை நல்லாப் பெருசாக்கிக் கொடுத்தா படிப்பாங்க." உன் அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும், "வார்த்தைக்கு நடுவுல ஒரு எழுத்து காணாமப் போயிடுதுங்க. அது என்னவா இருக்கும்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்த வார்த்தையும் போயிடுது" என்றாள். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

உனக்கு அந்த அச்சகம் நினைவிருக்கிறதா? நீ எப்படி மறப்பாய், தினமும் மத்தியானம் அவளுக்குச் சாப்பாட்டு அடுக்கு எடுத்துக்கொண்டு வந்தவன் ஆயிற்றே. நான் அப்போது தண்ணீர் வரி அலுவலகத்தில் சேர்ந்த புதிது. ரசீதுப் புத்தகம், அறிவிப்புத் தாள் எல்லாம் அச்சடிக்கக் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. உள்ளே நுழைந்தால் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, மிஷின் ஓடுகிற சத்தத்தில் தரையே நடுங்கும். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதில் நீள நீளமான தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டு உன் அக்கா. நான் எழுதிக் கொடுத்த அறிவிப்பைப் படித்துவிட்டு நிமிராமலே, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். "ஒரு தப்பும் இல்ல" என்று திருப்பித் தந்துவிட்டாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது, நான் போகலாம். போய்விட்டேன். ஆனால் அடுத்த அறிவிப்பில் வேண்டுமென்றே இரண்டு பிழைகளை வைத்தேன். அதற்கடுத்ததில் நாலு. ஒவ்வொரு பிழைக்கும் அவள் என்னைக் கூப்பிட்டு, ஏன் இது தப்பு என்று விளக்குவாள். நான் எதுவும் புரியாதவன்போல நின்றுகொண்டே இருப்பேன். தண்ணீர் வரி அலுவலகம் ஏன் திடீரென்று இத்தனை அறிவிப்பு அச்சடிக்கிறது என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவன் நீதான். "சார், நீங்க தமிழ்ல பெயிலா?" என்று சாப்பாட்டு அடுக்கை ஆட்டிக்கொண்டே கேட்டாயே, எனக்கு இன்றைக்கும் காது சிவக்கிறது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். நீ லேப்டாப் என்றாய். நல்ல எண்ணம்தான். அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார வைத்தேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்கிற அதே "நல்லா இருக்கு". எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வார்த்தை இந்தக் கோடியில் ஆரம்பித்து, முடிவதற்குள் திரை முடிந்துவிடுகிறது. கிளம்பலாம் என்று திரும்பினோம். சுவர் ஓரத்தில் ஒரு பெரிய மானிட்டர் வைத்திருந்தார்கள், ஜன்னல் கதவு அகலம். அதில் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. உன் அக்கா நின்ற இடத்திலிருந்தே, தலையைக் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்துக்கொண்டு, "இன்றே வாருங்கள்" என்று படித்தாள். யாரும் கேட்காமல் படித்தாள். படித்துவிட்டு அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த நிமிஷம் முடிவாகிவிட்டது. வாங்கினால் அந்தத் திரைதான். சோபா மாற்றுவதற்கு என்று ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தோம், உனக்குத் தெரியும், அந்தப் பழைய சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். "சோபா இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும், உட்கார்ந்தா எழுந்திருக்காம இருந்துக்கலாம்" என்று உன் அக்காவே வழி சொன்னாள். ஆனால் அந்தத் திரையை வாங்கியதும் சோபாப் பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியில் ஒரு முழுக் கம்ப்யூட்டர் வாங்க முடியாது. அப்போதுதான் மாடியில் குடியிருக்கிற பெண், ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், "பார்ட்ஸா வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணுங்க அங்கிள், நிறைய மிச்சமாகும்" என்றாள். அசெம்பிள் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. அதற்குக் காரணம் நீதான்.

கல்யாணத்துக்கு முன்னால் என் மாடி அறையில் நீயும் நானும் ஆம்ப்ளிஃபயர் கட்டினோமே. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ரேடியோ பார்ட்ஸ் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கடையில் டிரான்ஸ்ஃபார்மர், இன்னொன்றில் கண்டென்சர் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்து, ஈயம் உருகும் புகையில் கண் எரிய எரிய உட்கார்ந்திருப்போம். பெட்டி செய்யக் காசில்லாமல் ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்துக் கட்டினோம். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ஒரு பாட்டும் வராமல், எங்கிருந்தோ வானொலியில் ஒருவர் விவசாயிகளுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசியது பானைக்குள்ளிருந்து கேட்டது. நாம் கட்டியது ரேடியோவே இல்லை. நீ பயந்துபோய், "அத்தான், உள்ளே யாரோ இருக்காங்க" என்றாய். அப்போது நான் உனக்கு அத்தானும் இல்லை. வாய்தவறித்தான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தத் தெரு அப்படியே இருக்கிறது. கடைகள்தான் மாறிவிட்டன. நாம் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய இடத்தில் போன் உறை விற்கிறார்கள். மற்ற இடமெல்லாம் கம்ப்யூட்டர் சாமான். அதில் ஒரு கடைக்காரர் எங்களை உட்காரச் சொன்னார், அதனால் அவரிடமே வாங்கினோம். எதைக் கேட்டாலும் "பொறுமையா பாருங்க சார்" என்பார். நாங்கள் அவருக்குப் பொறுமை என்றே பெயர் வைத்துவிட்டோம்.

பொறுமை முதலில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "கேமிங் கார்டு சார். இதை ஒண்ணு போட்டுட்டா வேற கவலையே இல்ல."

"எங்க வீட்ல யாரும் கேம் ஆடறதில்ல" என்றேன்.

"பேரப்பிள்ளைங்க?"

"இல்ல."

"அப்ப நீங்க?"

"நான் சீட்டுக்கட்டுகூடத் தொட்டதில்ல."

"அப்புறம் எதுக்கு சார் கம்ப்யூட்டர்?"

"படிக்க" என்றாள் உன் அக்கா.

பொறுமை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "என்ன படிக்கிறீங்கம்மா? டிகிரியா?" என்று கேட்டார்.

கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் விலையில் இன்னொரு சோபா வரும். பிறகு பிராசஸர். அதுதான் மூளையாம். ஒரே மாதிரி இரண்டு பெட்டி வைத்தார், ஒன்று விலை குறைவு. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன். "வேகம் ஒண்ணுதான் சார். விலை குறைஞ்சது பேருக்குப் பின்னால ஒரு எழுத்து கூட இருக்கும், அவ்வளவுதான்" என்றார். ஒரு எழுத்து இல்லாததற்காக யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்? விலை குறைந்ததையே எடுத்தேன். என் பக்கத்தில் நாற்பது வருஷம் ஒரு எழுத்துக்காகவே சம்பளம் வாங்கியவள் உட்கார்ந்திருந்தாள், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மதர்போர்டு. எல்லாவற்றையும் அதில்தான் செருகவேண்டும், ஆனால் எல்லாரையும் அது சேர்த்துக்கொள்ளாது, இந்த மூளைக்கு இந்தத் தாய்தான் ஒத்துப்போகும், இந்தத் தாய்க்கு இந்த ரேம்தான் ஒத்துப்போகும் என்று அவர் விளக்க விளக்க, ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்துக்குள் மாட்டிக்கொண்டதுபோல எனக்கு மூச்சு முட்டியது. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று மாடிப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள், "அது போனா தனியாப் போகாது அங்கிள், கூட இருக்கறதையும் கூட்டிட்டுப் போயிடும்." ஆகவே அதை நல்லதாக வாங்கினேன். அதில் கூடிப்போன தொகையை, சாமான் எல்லாவற்றையும் வைத்து அடைக்கிற கேபினெட்டில் குறைத்தேன். கடையிலேயே மலிவானது, ஒரு மூலையில் விரிசல் விழுந்து விற்காமல் கிடந்தது. ஏழு நிறத்தில் விளக்கு எரியும். "இந்த விளக்கை எடுத்துட்டா இன்னும் குறையுமா?" என்று கேட்டேன். பொறுமைக்கே அன்றைக்குப் பொறுமை போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். உனக்கே தெரியும், எனக்குக் கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. அவளுக்குக் கண். என்னிடம் கண் இருந்தது, அவளிடம் கை இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மெக்கானிக். நான் பார்த்து இடத்தைச் சொல்ல, அவள் விரலால் தடவி, செருகினாள். பிராசஸர் மேல் ஒரு பசை வைக்கவேண்டும், பட்டாணி அளவு என்று மாடிப் பெண் சொல்லியிருந்தாள். நான் என் நடுக்கத்தில் பற்பசை அளவுக்குப் பிதுக்கிவிட்டேன். வழித்து எடுத்துவிட்டு மறுபடி அவள் வைத்தாள். ரேமை நான் பயந்து பயந்து அழுத்தினேன், அது அசையவில்லை. "அச்சு கோக்கறப்ப நாங்க இப்படித் தடவிக்கிட்டா இருப்போம்?" என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. ஸ்க்ரூ திருகும்போது என் தலைக்கு அடியில் அவள் தலை, அவள் தலைக்கு அடியில் டார்ச். வெகு நாளைக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தோம். நீ தம்பி ஸ்தானத்தில் இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஏழு நிற விளக்கும் எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். கறுப்பு. வயரை மாற்றிச் செருகினேன். கறுப்பு. பக்கத்தில் தட்டினேன், பழைய டிவிக்கு அது கேட்கும். கறுப்பு. உன் அக்கா திரைக்கு எதிரே நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏதாச்சும் தெரியுதா?" என்று என்னைக் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரையில் ஒன்றும் இல்லையா, அல்லது தனக்குத்தான் தெரியவில்லையா என்று அவளுக்கு நிச்சயமில்லை. "எனக்கும் தெரியல" என்றேன். "அப்பாடா" என்றாள்.

மறுநாள் காலையில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டி பிடித்துப் பொறுமையின் கடைக்குப் போனோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இதுல எப்படி சார் படம் வரும்?" என்றார். நான் வாங்கிய மலிவு மூளைக்குப் படம் காட்டத் தெரியாதாம். அந்த ஒரு எழுத்துக்கு அதுதான் அர்த்தமாம். தனியாக ஒரு கார்டு போட்டால்தான் உண்டாம். பின்னால் வயர் செருக வாசல் இருக்கிறதே என்று கேட்டேன். "வாசல் இருக்கு சார். உள்ளே ஆள் இல்ல."

"இதை நீங்க அன்னைக்கே சொல்லலையே?"

"நீங்க கார்டு வேண்டாம்னு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே சார். வீட்ல பழைய கார்டு இருக்குன்னு நினைச்சேன்."

பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டாராம். கையில் காசு இல்லை. எனக்குச் சத்தம் ஏறியது, அவருக்கும் ஏறியது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "மானிட்டரை எடுத்துட்டு வாங்க, நான் வாங்கிக்கறேன். சின்னதா ஒண்ணு தர்றேன், மிச்சத்துக்கு இந்தப் பிராசஸரையும் மாத்திக் கொடுத்துடறேன்." நியாயமான பேச்சுதான். உன் அக்கா உடனே, "சின்னதே போதுங்க. நான் கிட்டக்க உட்கார்ந்துக்கறேன்" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். பெரிய துண்டு மீன் என் தட்டில், ஜன்னலோர இருக்கை எனக்கு. நான் "முடியாது" என்றேன். "இந்தக் கம்ப்யூட்டரே வேண்டாம், அந்தத் திரை மட்டும் வீட்ல இருக்கட்டும்" என்றேன். அர்த்தமில்லாத பேச்சு. எனக்கே தெரிந்தது. ஆனால் "இன்றே வாருங்கள்" என்று அவள் படித்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், பொறுமை பார்க்கவில்லை.

இந்தச் சண்டைக்கு நடுவே ஒரு ஆள் பெரிய சுருள் ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் விரித்தார். கடைக்குப் புதுப் பெயர்ப் பலகையாம், கட்டில் நீளம். அதே வாசகத்தில் துண்டுத் தாளும் அடிக்கப் போகிறார்களாம், பொறுமை பார்த்துச் சரி சொன்னால் அச்சுக்குப் போகும். "சூப்பரா இருக்கு, போட்டுடுங்க" என்றார் பொறுமை, என்னோடு சண்டையை விடாமலே. உன் அக்கா எழுந்து போனாள். தலையை ஓரமாகச் சாய்த்துக்கொண்டு, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தாள். திரும்பவும் நடந்தாள்.

"போடாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"கணினியில முதல்ல வர்ற 'ணி'தான் மூணு சுழி. அடுத்தது ரெண்டு சுழி 'னி'. நீங்க ரெண்டையுமே மூணு சுழியாப் போட்டிருக்கீங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க."

"எழுதட்டும். 'குறைந்த விளை'ன்னு எல்லாரும் எழுதறாங்களா? அது வயல்ல விளையறது. நீங்க விக்கறதுக்கு வேற 'லை'."

பொறுமை வாசலுக்கு வந்து பார்த்தார். விரித்த ஆளும் பார்த்தார். அந்தத் தாளை எத்தனை ஆயிரம் அடிப்பதாக இருந்தார்களோ, பொறுமையின் முகம் போன போக்கில் நிறைய என்று தெரிந்தது. உன் அக்கா பேனா கேட்டாள். சிவப்பு இல்லை, நீலம்தான் கிடைத்தது. பரவாயில்லை என்று வாங்கி, அந்தத் தரையிலேயே மண்டியிட்டு, எழுத்துக்கு மேல் கோடு போட்டு ஓரத்தில் திருத்தம் எழுதினாள், அந்தப் பழைய குறிகளோடு. நான் பலகையின் மறுமுனையைக் காற்றில் பறக்காமல் மிதித்துக்கொண்டு நின்றேன். அந்த ஜன்னலோர மேஜைக்கு எதிரில் நின்ற மாதிரியே இருந்தது. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை பிழைகளை நான் வைக்கவில்லை.

பொறுமை உள்ளே போனார். பரணிலிருந்து தூசி படிந்த ஒரு பழைய கார்டை எடுத்து, ஊதித் துடைத்து, அவரே எங்கள் பெட்டியில் செருகினார். "கேம் எல்லாம் ஓடாதும்மா. படிக்கறதுக்குப் போதும்" என்றார். காசு என்று நான் வாயெடுத்தேன். "பொறுமையா இருங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டோம். படம் வந்தது. மாடிப் பெண் இறங்கி வந்து உள்ளே வேண்டியதையெல்லாம் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கும் வித்தையையும் காட்டிவிட்டுப் போனாள். முதலில் என்ன படிக்கலாம் என்றேன். "தம்பி என்ன எழுதியிருந்தான், அதைக் காட்டுங்க" என்றாள். உன் செய்தியைப் போட்டுப் பெரிதாக்கினேன். திரை முழுக்க 'அத்தான்' என்ற உன் ஒற்றை வார்த்தை மட்டும் நின்றது. அவள் சிரித்தாள். பிறகு நகர்த்தினேன். ஒவ்வொரு வார்த்தையாக, தலையைச் சாய்த்து, வாய்விட்டுப் படித்தாள். கடைசி வார்த்தையில் நின்றாள். "லேப்டாப் 'அணுப்பவா'ன்னு எழுதியிருக்கான். பள்ளிக்கூடத்துலேயும் இதே தப்புதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். மேலே நான் அதைத் திருத்தி எழுதியிருக்கிறேன், உன் மானத்தைக் காப்பதற்காக.

ஆகவே நீ லேப்டாப் அனுப்பவேண்டாம். எனக்கு உன்மேல் கோபமும் இல்லை. அந்தத் திரை எங்களுக்குப் போதும், இந்தப் பிறவிக்கு அதுதான் எங்கள் சோபா, எங்கள் அச்சகம், எல்லாம். அவள் இப்போது தினமும் படிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தை நகர்த்திக் கொடுக்கிறேன். திரை மட்டும் சின்னதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

உன் மனைவிக்கு எங்கள் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்களை மதித்து, பிழையில்லாமல் எழுதி, தீர்க்காயுசாக இருக்கட்டும். நீ ஒரு முறை நேரில் வந்து எங்கள் மிஷினைப் பார். விரிசல் இருக்கிற பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறேன். இதை அனுப்புகிற வித்தை எனக்கு இன்னும் வரவில்லை. நான் நடக்கப் போகிறேன், உன் அக்கா பார்த்துவிட்டு அனுப்பி வைப்பாள்.

என்றும் உன் நலம் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். அவர் தெருமுனை தாண்டிவிட்டார், அதனால் தைரியமாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. கேட்டேன். ஒரு நாள் அவர் இல்லாத நேரம் மாடிப் பெண் வந்து, ஏதோ ஒரு பட்டனைக் காட்டினாள். அதை அழுத்தினால் இந்தக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்கிறது. ஒரு பெண் குரல், ரயில் வரும் நேரம் சொல்கிற மாதிரி. உன் அத்தானை அந்தக் குரலில் கேட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அவர் வெளியே போனதும் திரையை அணைத்து, தூசி படியாமல் ஒரு துணியையும் போட்டுவிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்கிறேன். இரண்டு பெரிய நாவல் முடித்தாயிற்று. காதால் கேட்டால் எழுத்துப் பிழையே தெரிவதில்லை, என் ஆயுசில் முதல் தடவையாகக் கதையை மட்டும் படிக்கிறேன். இதற்குத் திரையே வேண்டாம், நீ சொன்ன லேப்டாப்பே போதுமாயிருந்திருக்கும்.

அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நடுங்குகிற கையால் ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்திவிட்டு, நான் படிக்கும்வரை மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் கொஞ்சம் மெதுவாகவே படிக்கிறேன். நீ போன் செய்தால் மறக்காமல், திரை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேள்.